மூக்கும் மோட்டார் வண்டியும்

கண்ணும் செவியும் பெற்ற பெருமையை மூக்குப் பெறவில்லை. கண்டவற்றையும் கேட்டவற்றையும் மக்கள் விரித்துப் பேசுவர். முகர்ந்தவற்றைப் பற்றி ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொள்வர். பண்டு நறுமணத்தையும் குறித்து நின்ற ‘நாற்றம்’ என்னும் சொல், இன்று வெறுக்கத்தக்க வாடையை மட்டுமே குறிக்கும் நிலைக்குத் தாழ்ந்துவிட்டது. ஆயினும், பழைய மோட்டார் வண்டியைப் பேணி ஓட்டுவோருக்கு மூக்கைப் போல் உதவும் பொறி பிறிதொன்றில்லை. எஞ்சினின் ஓசை மாறுவதற்கு முன்பே, கண்ணுக்கு ஒரு துளி புலப்படுவதற்கு முன்பே, பெட்ரோல் கசிவதை அஃது அறிந்துவிடுகிறது. பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலும் பெரும்பாலோர் அதனை உணர்வர்.

உணர்ந்தபின் சிலர் செய்யும் காரியம் வியப்புக்குரியது. மணப்புட்டி ஒன்றை வாங்கிவந்து வண்டியினுள் தொங்கவிடுவர். குழந்தையின் அழுகை கேளாதிருக்கத் தம் செவியில் பஞ்சை அடைத்துக்கொள்வது போன்றது இது. வேறு சிலர், பழைய வண்டியென்றால் அப்படித்தான் இருக்கும் என்று வாளாவிருப்பர். பழைய வண்டிக்கும் பெட்ரோல் நாற்றம் இயல்பன்று. எங்கோ ஒரு பிழை உண்டு என்பதே அதன் பொருள்.

அப்பிழை சிறிதாயினும் அதனால் விளையும் கேடு பெரிது. மண்ணெண்ணெய் ஓரளவு சூடேறினால்தான் எளிதில் தீப்பற்றும் ஆவியைத் தரும். பெட்ரோலோ, உறைபனிக்கும் கீழே, ஏறத்தாழ 40 பாகை செல்சியசு குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலெழுந்து கலைந்து போகாமல், தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளங்களிலும் மூடிய கொட்டகையின் மூலைகளிலும் தேங்கும். பத்தடி தொலைவில் எரியும் அடுப்பும் அதனைப் பற்றவைத்துவிடலாம். தீப்பற்றியபின் நீரை ஊற்றினாலோ, பெட்ரோல் நீரின்மேல் மிதந்து பரவுமாதலின், நெருப்பும் உடன் பரவும். உலர்ந்த மணலும், தூள் நிரம்பிய தீயணைப்புக் கருவியுமே அப்பொழுது உதவும்.

ஆதலின், கசிவைத் தேடப் புகுவோர் முதலில் வண்டியை வெளியிடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை பொறுத்து, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடல் வேண்டும். இருட்டில் தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தவர் கதைகள் பட்டறைகளில் பல வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றேனும் மகிழ்ச்சியாய் முடிந்ததில்லை. கைவிளக்கையும் வண்டிக்கு அப்பால் நின்று ஏற்றிக்கொண்டே அருகில் வருதல் நன்று.

இனி, பெட்ரோல் செல்லும் வழியை அறிதல் வேண்டும். பழைய வண்டிகளில் அவ்வழி நீண்டது, ஆயினும் எளியது. பின்புறத்தே தொட்டி இருக்கும். அதனை நிரப்பும் வாய்க்கும் தொட்டிக்கும் இடையே ஒரு ரப்பர்க் குழாய் உண்டு. தொட்டியினின்று மெல்லிய உலோகக் குழாய் ஒன்று வண்டியின் அடிப்புறமாக முன்னே ஓடி, ஒரு ரப்பர்க் குழாயின் வழியே எஞ்சினோடு பொருத்திய பம்பினை அடையும். பம்பு பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அனுப்பும். அங்கே ஒரு சிறு கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை. மிதவை உயர்ந்தவுடன் வழியை அடைக்கும் ஊசி வால்வு. வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் மிதவையேறிக் குழாயை மூடுவதும் இதுவும் ஒன்றே.

இவ்வழி நெடுகத் தடவிப் பார்ப்பதற்கு முன், தேர்ந்த மெக்கானிக் ஒரு கேள்வியைக் கேட்பார்: நாற்றம் எப்பொழுது வருகிறது? பாதி வேலை அக்கேள்வியிலேயே முடிந்துவிடும். தொட்டியை நிரப்பிய அன்று மட்டும் வந்து, இரண்டு நாளில் மறைந்துவிடுமாயின், பிழை தொட்டியின் மேற்பகுதியில் உள்ளது; மூடியோ, நிரப்பும் வாயின் ரப்பரோ, அளவு காட்டும் கருவியின் அடியிலுள்ள பட்டையோ பழுதாகியிருக்கும். எஞ்சின் ஓடும்பொழுது மட்டும் வருமாயின், பம்பிற்கும் கார்புரேட்டருக்கும் இடைப்பட்ட வழியை ஐயுறுதல் வேண்டும். ஏனெனில் பம்பு தள்ளும்பொழுதே அங்கே அழுத்தம் உண்டாகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் விடியற்காலையில் வருமாயின், தொட்டியும் அதன் அடிக்குழாயும் குற்றவாளிகள்.

வெயிற்காலத்தில் நெடுந்தொலைவு ஓடி நின்றவுடன் வரும் நாற்றம் மட்டும் தனி வகை. எஞ்சின் நின்றதும் அதனைக் குளிர்விக்கும் நீரோட்டமும் விசிறியும் நின்றுவிடுகின்றன. எஞ்சினில் தேங்கிய வெப்பம் கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்துப் பெட்ரோலைச் சிறிது கொதிக்கச் செய்கிறது. ஈரம் எங்கும் இல்லாமல், சற்று நேரத்தில் நாற்றம் தணிந்துவிடுமாயின் பெரிதும் அஞ்சவேண்டுவதில்லை. கார்புரேட்டருக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் கட்டை இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். முன்பு பழுது பார்த்தவர் அதனை மறந்துவிட்டிருப்பதும் உண்டு.

காலத்தை அறிந்தபின் இடத்தைக் காண வேண்டும். பெட்ரோல் விரைந்து உலர்வதால் கையும் களவுமாய் அகப்படுவதில்லை. ஆயினும் அது சுவடு விடாமற் செல்வதில்லை. புழுதி படிந்த குழாயில் ஓரிடம் மட்டும் கழுவி விட்டாற்போல் துப்புரவாய் இருக்கும். அல்லது, பலகாலம் கசிந்து உலர்ந்த இடத்தில் மரப்பிசின் போன்ற பழுப்புக் கறை படிந்திருக்கும். ஐயத்திற்குரிய இடங்களை எல்லாம் துணியால் துடைத்து, கீழே வெள்ளைத் தாளை விரித்துவைத்துக் காத்திருத்தல் நல்ல முறை. இதில் மூக்கை அளவுக்கு மீறி நம்புதலும் ஆகாது. ஒரே நாற்றத்தில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகி, நாற்றம் இல்லையென்று பொய் கூறும். அதனால் அவ்வப்பொழுது விலகிச் சென்று, நல்ல காற்றில் உலவி வருதல் இன்றியமையாதது. பெட்ரோலில் உள்ள பென்சீன் என்னும் பொருள் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பதும் விலகி நிற்பதற்கு மற்றொரு காரணம்.

பெரும்பாலும் அகப்படுவது ரப்பர்க் குழாயே. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகி, வளையும் இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு முதல், நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பழைய வண்டிகளின் குழாய்களும் பட்டைகளும் இக்கலவையைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் அவற்றுள் சில வகைகளை உப்பவும் இளகவும் வெடிக்கவும் செய்கிறது. ஆகவே புதிய குழாய் வாங்குவோர், எத்தனாலைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குதல் வேண்டும். தண்ணீருக்கென விற்கும் குழாயை மாட்டி நான்கணா மிச்சம் பிடிப்பவர், விரைவில் அதே இடத்திற்கு மீண்டும் குனிய நேரும். கிளிப்பை வலிந்து முறுக்குதலும் தவறு. அது ரப்பரை அறுத்துப் புதிய கசிவை உண்டாக்கும்.

கார்புரேட்டரின் கிண்ணம் வழிந்தால், ஊசி வால்வில் துரும்பு சிக்கியிருக்கலாம். தொட்டித் துருவே பெரும்பாலும் அத்துரும்பு. அன்றேல் பித்தளை மிதவை ஓட்டையாகி, உள்ளே பெட்ரோல் புகுந்து, மிதக்க வேண்டியது மூழ்கிக் கிடக்கலாம். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே நீர்மம் தளும்பும் ஓசை கேட்கும். அதனை வெந்நீரில் அமிழ்த்தினால், ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழிகள் வரிசையாய் எழும். ஈயம் பற்றவைத்து அடைக்கலாமே என்று தோன்றும். உள்ளிருக்கும் பெட்ரோல் முழுவதும் நீங்காமல் சூடு காட்டுவது உயிருக்கே உலை வைப்பதாகும். புதிய மிதவை வாங்குதலே அறிவுடைமை.

இவை எல்லாவற்றினும் கரவானது ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை மேற்கு வங்கத்து உத்தரப்பாராவில் உருவான அம்பாசிடர் வண்டிகளுள், பழைய பெட்ரோல் வண்டி ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவரும் பெரியவர் ஒருவரைக் கருதுக.

“குழாய்களை மூன்றுமுறை மாற்றியாயிற்று, தம்பி. நாற்றம் மட்டும் போகவில்லை” என்கிறார் அவர்.

“கீழே சொட்டுகிறதா, ஐயா?” என்று கேட்கிறார் மெக்கானிக்.

“ஒரு துளியும் இல்லை.”

“எஞ்சினுக்கு எண்ணெய் எப்பொழுது ஊற்றினீர்கள்?”

பெரியவர் முகத்தில் பெருமிதம் தோன்றுகிறது. “ஆறு திங்களாக ஊற்றவே இல்லை. அளவு சிறிதும் குறையவில்லை. எஞ்சின் அவ்வளவு உறுதி!”

பழைய எஞ்சின் எண்ணெய் குடியாமல் இருப்பது பெருமைக்குரியதன்று, ஐயத்திற்குரியது. மெக்கானிக் எண்ணெய் அளவு காட்டும் கோலை உருவுகிறார். எண்ணெய் குறையாதது மட்டுமன்று, மேற்கோட்டையும் தாண்டி நிற்கிறது. விரல்களிடையே தேய்த்துப் பார்த்தால் வழுவழுப்பின்றி நீர்த்திருக்கிறது. முகர்ந்தால் பெட்ரோல்!

நிகழ்ந்தது இதுதான். பம்பினுள் ஒரு சவ்வு உண்டு. அது மேலும் கீழும் அசைந்தே பெட்ரோலை உறிஞ்சித் தள்ளுகிறது. சவ்வின் மேற்புறம் பெட்ரோல். கீழ்ப்புறம் எஞ்சினின் உட்பகுதி. சவ்வு கிழிந்தால், பெட்ரோல் வெளியே சொட்டாமல் எஞ்சினுக்குள்ளேயே இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும். எஞ்சின் மூச்சுவிடும் துளையின் வழியே அதன் ஆவி வெளிவரும். வெளிக்குழாயை எத்தனை முறை மாற்றினாலும் இந்நாற்றம் தீராது. இதனைப் பாராதிருந்தால் தீங்கு இருமடங்கு. நீர்த்த எண்ணெய் இயந்திரத்தின் உறுப்புகளை உராய்வினின்று காவாது. உள்ளே நிரம்பிய ஆவியோ பொறிபட்டால் வெடிக்கும். ஆகவே எஞ்சினை மீண்டும் இயக்குவதற்கு முன்பே, சவ்வினைப் புதுப்பித்து, கெட்ட எண்ணெயை முழுவதும் வடித்து, புதிய எண்ணெயும் வடிகட்டியும் இடுதல் வேண்டும்.

தொட்டியின் அடியில் ஊசித்துளை விழுந்தால், துணி துவைக்கும் சோப்பைப் பிசைந்து அப்பி ஊர் போய்ச் சேர்ந்த ஓட்டுநர் பலர். சோப்பு நீரில் கரையும். பெட்ரோலில் எளிதில் கரையாது. வழியிடைத் துன்பத்திற்கு அது தக்க மருந்தே. மழை வந்தால் மருந்து கழுவப்பட்டுப் போகும். தொட்டியைக் கழற்றிச் செப்பனிடும்பொழுது, காலியான தொட்டி நிறைந்த தொட்டியினும் கொடியது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்தால் அது தீப்பற்றும். காலித் தொட்டியில் ஆவியோடு காற்றும் புகுந்து அந்த அளவை எய்திவிடலாம். பற்றவைப்பதை அத்தொழிலில் தேர்ந்தவரிடமே விடல் வேண்டும்.

வேலை முடிந்தபின் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பார்ப்பது வழக்கம். பின்னர்ப் பாட்டரியின் இணைப்பை மறுபடியும் கழற்றி, வண்டியின் அடியில் வெள்ளைத் தாளை விரித்து, இரவு முழுவதும் காற்றோட்டமான இடத்தில் விட்டுவிடுவர். விடிந்ததும் கதவைத் திறந்து முகர வேண்டியவர் பழுது பார்த்தவர் அல்லர். நாள் முழுவதும் பெட்ரோலில் கிடந்த அவர் கையும் சட்டையுமே நாறிக்கொண்டிருக்கும். வண்டியின் அருகே வராத வேறொருவரை அழைத்து முகரச் செய்தல் வேண்டும். அவர் ஒன்றும் உணராமல், தாளும் கறையின்றி இருந்தால், பாட்டரியின் கம்பியை மீண்டும் பூட்டலாம்.