சுருங்கியது கட்டியா, வீக்கமா?

மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புப் பேழை. மூளையும் குருதியும் மூளைத் தண்டுவட நீரும் அதனுள் அளவோடு இடம் பகிர்ந்துள்ளன. அங்கே கட்டி ஒன்று வளரும்போது, அதன் உறுதியற்ற குருதிக் குழாய்களிலிருந்து கசியும் நீர்மம் அருகிலுள்ள திசுவில் பரவி வீக்கத்தை உண்டாக்குகிறது. தலைவலி, வாந்தி, கைகால் தளர்ச்சி முதலிய துன்பங்களுக்கு இவ்வீக்கமும் பெருங்காரணமாகும்.

டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இவ்வீக்கத்தைத் தணிப்பதை, அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1961ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மருந்து குருதிக் குழாய்களின் கசிவைக் குறைக்கிறது. அக்காலத்தில் நோயாளியின் உடல்நிலை மாற்றமே அதன் பயனை அறிய முதன்மையான அளவுகோலாக இருந்தது. 1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேன் கருவியால் படமாக்கப்பட்டது. பின்னர் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படமாக்கமும் வந்தது. கண்ணுக்குப் புலனாகாத வீக்கம், அளக்கத்தக்க பொருளாயிற்று.

எம்.ஆர்.ஐ. படங்களுள் ஒருவகை, நீர் தேங்கிய திசுவை வெண்மையாகக் காட்டும். ஒவ்வொரு படலத்திலும் அவ்வெண்பகுதியின் பரப்பை அளந்து, படலத்தின் தடிப்பால் பெருக்கிக் கூட்டினால் வீக்கத்தின் கனஅளவு கிடைக்கும். மற்றொரு வகையில், கடோலினியம் கலந்த மருந்து சிரைவழி செலுத்தப்படுகிறது. குருதிக் குழாய்கள் கசியும் இடத்தில் அது படிந்து ஒளிரும். அவ்வொளிரும் பகுதியையே மருத்துவர் கட்டியின் அளவாகக் கொள்வது வழக்கம்.

இங்குதான் ஏமாற்றம் நேரக்கூடும். ஸ்டீராய்டு கசிவை அடைப்பதால் ஒளிரும் பகுதி சுருங்கலாம். புற்றணுக்களோ குறையாமல் இருக்கலாம். மாறாக, மருந்தின் அளவைக் குறைத்ததும் ஒளிர்வு மிகுந்து, கட்டி வளர்ந்ததுபோல் தோன்றலாம். முதல் பிழையால் பயனற்ற சிகிச்சை தொடரும். இரண்டாம் பிழையால் பயனுள்ள சிகிச்சை கைவிடப்படும். இரண்டிலும் இழப்பு நோயாளிக்கே.

ஆகவே, 1990இல் வகுக்கப்பட்ட மெக்டொனால்டு அளவுகோல், படத்தோடு ஸ்டீராய்டின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. ஒளிரும் பகுதியின் செங்குத்தான இரு விட்டங்களின் பெருக்கற்பலன் பாதியளவேனும் குறைந்திருக்க வேண்டும். ஸ்டீராய்டின் அளவும் கூட்டப்படாதிருக்க வேண்டும். அப்போதுதான் அது பகுதி முன்னேற்றமாகக் கொள்ளப்படும். 2010இல் வெளிவந்த ரானோ அளவுகோலும் இந்நெறியைத் தொடர்ந்தது.

மூளையில் தோன்றும் நிணநீர்ப் புற்றில் நிலை வேறு. அங்கு ஸ்டீராய்டு புற்றணுக்களையே அழிக்கவல்லது. கட்டி தற்காலிகமாகக் கரைந்து, திசு ஆய்வில் நோய் பிடிபடாமல் போகலாம். இயன்றவரை திசு எடுத்த பின்னரே மருந்து தொடங்குவது இதனால்தான். படம் மாற்றத்தைக் காட்டும். அம்மாற்றத்தின் காரணத்தை மருந்துக் குறிப்போடு ஒப்பிட்டே அறிய முடியும்.