வேண்டாத மின்னஞ்சல் நம்மைத் தேடி வருவது ஏன்?

கிராமம் முன்னேற வேண்டுமாயின், பயனுள்ள செய்தி உரிய காலத்தில் அங்கே சென்று சேர்தல் வேண்டும். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலம் முதல் வற்புறுத்தப்பட்டு வரும் கருத்து இது. நம் புதுவைக் கிராமங்கள் இத்துறையில் முன்னோடிகள் என்றே கூறலாம். 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு, சுற்றியுள்ள சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைத்தது. மக்களுக்கு எச்செய்தி தேவை என்று கேட்டறிந்த பின்னரே அங்கே கணினிகள் வைக்கப்பெற்றன. வீராம்பட்டினத்து மீனவர்கள், கடலில் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்பதை ஒலிபெருக்கி வாயிலாகக் கேட்டறிந்தனர்.

இன்று கைப்பேசி வந்துவிட்டது. செய்திக்குப் பஞ்சமில்லை, நாம் கேளாத செய்தியே மிகுந்துவிட்டது. பரிசு விழுந்தது என்றும், கடன் தயார் என்றும், வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்றும் மின்னஞ்சல்கள் நாள்தோறும் வருகின்றன. இவற்றை ஸ்பேம் என்பர். பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களில் மகளிர் குழுக் கூட்டங்களுக்கு நாம் செல்லுங்கால், "எங்கள் முகவரி இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று சகோதரிகள் வினவுவதுண்டு. விடை அறிந்தால் காத்துக்கொள்ளும் வழியும் விளங்கும்.

அனுப்புவோர்க்குச் செலவில்லை

ஆயிரம் பேருக்கு அஞ்சலட்டை எழுதினால் ஆயிரம் அட்டைகளுக்கும் விலை கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் அவ்வாறில்லை. ஒருவருக்கு அனுப்புவதற்கும் இலட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. 1978-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் அமெரிக்காவில் கேரி துர்க் என்பவர், தம் நிறுவனத்தின் கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே முறையில் அனுப்பினார். இவ்வகை அஞ்சலுக்கு அதுவே முதல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். மருந்து விற்பதாகக் கூறும் ஸ்பேம் அஞ்சல்கள் ஏறத்தாழ 35 கோடி அனுப்பப்பட்டதில், பொருள் வாங்க முன்வந்தோர் 28 பேர் மட்டுமே. 35 கோடி விதை தூவி 28 நாற்று முளைத்தால் எந்த உழவரும் அத்தொழிலைக் கைவிடுவார். ஆயின் விதைக்கு விலையே இல்லாதபோது அத்தொழில் தொடர்ந்து நடக்கிறது. ஆகவே ஸ்பேம் அஞ்சல் பெரும்பாலும் நம்மை அறிந்து வருவதன்று. நம் முகவரியை மட்டும் அறிந்து வருவது.

முகவரி கிடைக்கும் வழிகள்

முதலாவது, நாமே கொடுப்பது. பொருட்காட்சியில் குலுக்கல் சீட்டு நிரப்புகிறோம். கடையில் தள்ளுபடி அட்டை பெறுகிறோம். கைப்பேசிச் செயலி கேட்பதற்கெல்லாம் இசைவு தருகிறோம். இரண்டாவது, இணையப் பக்கங்களில் வெளிப்படையாக உள்ள முகவரிகளைக் கணினி நிரல்களே திரட்டிவிடுகின்றன. மூன்றாவது, பெரிய நிறுவனங்களின் பதிவேடுகள் களவு போதல். 2013-இல் யாகூ நிறுவனத்தில் நிகழ்ந்த களவு, அதன் 300 கோடிக் கணக்குகளையும் பாதித்தது. நான்காவது, ஊகித்தல். பெயரோடு எண்களைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பிப் பார்த்தால், சில முகவரிகள் உண்மையாகவே அமைந்துவிடும்.

இவ்வாறு திரட்டிய பட்டியல்கள் கைமாறி விற்கப்படுகின்றன. "இனி அனுப்பாதீர்" என்று சினந்து எழுதும் மறுமொழியும் தீங்காக முடியலாம். அம்முகவரியில் ஆள் உண்டு என்பதை அது உறுதிப்படுத்திவிடும்.

அனுப்புநர் பெயரை நம்பலாமா?

அஞ்சலுறையின் பின்புறத்தில் அனுப்புநர் பெயரை எவரும் எழுதலாம். அஞ்சலகம் அதனைச் சோதிப்பதில்லை. மின்னஞ்சலுக்கு 1982-இல் வகுக்கப்பெற்ற விதிகளும் அவ்வாறே அமைந்தன. பிற்காலத்தில் சோதனை முறைகள் சேர்க்கப்பட்டன. ஆயினும் பொய்ப்பெயர் முற்றும் ஒழியவில்லை. வங்கியின் பெயர் இருப்பதால் மட்டும் அது வங்கிக் கடிதம் ஆகாது. ஐயம் தோன்றின் அக்கடிதத்திலுள்ள எண்ணை அழைக்காமல், வங்கிக்கோ அலுவலகத்திற்கோ நேரில் சென்று கேட்டல் நலம்.

சல்லடையும் அதன் குறையும்

மின்னஞ்சல் நிறுவனங்கள் வரும் கடிதங்களைச் சலித்து, ஐயத்திற்குரியவற்றை ஸ்பேம் என்னும் தனிப் பெட்டியில் இடுகின்றன. எவ்வளவு நல்ல சல்லடையாயினும் சிறிது பதர் தங்கும். சிறிது நெல்லும் நழுவும். கல்லூரிச் சேர்க்கைக்குச் சென்டாக்கில் விண்ணப்பித்த மாணவர்க்கும், வேலைக்கு எழுதிய இளைஞர்க்கும் வரவேண்டிய கடிதம் அப்பெட்டியில் விழுந்துவிடக்கூடும். ஜிமெயிலில் 30 நாட்களுக்குப் பின் அது தானே அழிந்துவிடும். ஓர் ஆண்டின் படிப்பே தவறிப்போகலாம்.

செய்ய வேண்டுவன

1. வங்கி, கல்வி, அரசு அலுவல்களுக்கு ஒரு முகவரியும், கடை முதலியவற்றுக்கு வேறொரு முகவரியும் வைத்துக்கொள்க.

2. அறியாதவர் கடிதத்திற்கு மறுமொழி எழுதற்க. அதிலுள்ள இணைப்பைத் தொடற்க. நாமே விரும்பிச் சேர்ந்த நிறுவனமாயின், விலகுவதற்குரிய இணைப்பைப் பயன்படுத்தலாம்.

3. வேண்டாத கடிதத்தை அழிப்பதோடு நில்லாமல், 'ஸ்பேம்' என்று குறியிடுக. சல்லடை அதனால் திருந்தும்.

4. வாரம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைப் பார்வையிடுக.

5. கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் எவர்க்கும் கூறற்க.

6. கைப்பேசி விளம்பரங்களைத் தடுக்க 1909 என்னும் எண்ணில் பதிவு செய்யலாம். அது மின்னஞ்சலுக்குப் பொருந்தாது.

பணம் பறிபோயின் நாணத்தால் மறைத்தல் கூடாது. 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. ஏமாந்தவர் அறிவிலார் அல்லர், கற்றவரும் ஏமாறுகின்றனர். மகளிர் குழுவின் சேமிப்பு, பல குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த செல்வம். ஒருவர் வாய் திறந்தால் பதின்மர் காக்கப்படுவர்.

கூட்டத்தில் கலந்துரையாட

1. நம் குழுவின் மின்னஞ்சல் முகவரி இதுவரை எங்கெங்குக் கொடுக்கப்பட்டுள்ளது?

2. அதன் கடவுச்சொல்லை அறிந்தோர் எத்துணைப் பேர்?

3. ஸ்பேம் பெட்டியை இம்மாதம் பார்வையிட்டவர் யார்?