மாஞ்சி வரவழைக்கும் கண்ணீர்

கச்சேரியில் ‘வருகலாமோ’ பாடினால் எனக்குக் கண்ணீர் நிற்பதில்லை. ராகம், தாளம் எதுவும் தெரியாது. பக்கத்திலிருப்பவர்கள் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக அழுங்கள் அம்மா. கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திர’த்தில் வரும் பாட்டு அது. தில்லை வரை வந்துவிட்ட நந்தனார், பிறந்த சாதியால் உள்ளே போக முடியாமல் அனுமதி கேட்டு நிற்கிறார். அதற்குக் கலங்காத நெஞ்சும் உண்டா? ராகம் மாஞ்சி. பைரவிக்கு நெருங்கிய உறவு. ஸ்வரங்கள் குழைந்து, இழைந்து, மெதுவாக நகரும். அவசரப்பட்டால் அதன் உயிரே போய்விடும். பெயர் தெரியாமலே அதை நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். வீட்டில் இந்தப் பாட்டைக் கேட்டதும், சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதியையும் கேளுங்கள்; இரண்டு ராகங்களின் முகமும் காதுக்குப் பழகிவிடும். அடுத்த கச்சேரிக்குச் சீக்கிரம் போய் முன்வரிசையில் இடம் பிடியுங்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் பின்னால்தான் இருப்பார்கள்.