நல்லாசிரியருக்கு நீங்களே சாட்சி



காணியையும் மிளகுக் கொடிகளையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் இல்லை, சீருடை இல்லை. ஆயினும் ஓர் அதிபரோ ஆசிரியையோ அவனைச் சேர்த்துக்கொண்டார். அத்தகையவரை விருதுக்குப் பரிந்துரைத்து எழுதுங்கள் என்றால், “எங்களுக்கு எழுத வராதே, சுவாமி” என்கிறீர்கள். வரும். எப்படி என்று பார்ப்போம்.

கல்வி அமைச்சு ‘குரு பிரதீபா பிரபா’ என்னும் விருதை அதிபர், ஆசிரியர்களுக்கு வழங்கி வந்துள்ளது. விதிமுறைகளை அதிபரிடமோ வலயக் கல்விப் பணிமனையிலோ கேட்டறியுங்கள். காவலாளி, சிற்றூழியர் போன்றோரை ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தன்று கௌரவிக்கும்படி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திற்கு எழுதலாம்.

“அர்ப்பணிப்பு மிக்கவர்” என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். தெரிவு செய்பவருக்கு அது போதாது. கென்ய நாட்டுக் கிராமத்து ஆசிரியரான பிரான்சிஸ்கன் துறவி பீற்றர் தபிச்சி 2019இல் உலக ஆசிரியர் பரிசு பெற்றார். அவரைப் பற்றிப் பரிசுக் குழு வெளியிட்ட குறிப்பைப் பாருங்கள்: சம்பளத்தில் 80 வீதத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறார், அவரது பாடசாலையிலிருந்து 2017இல் 59 பேரில் 16 பேரே உயர்கல்விக்குச் சென்றனர், 2018இல் 26 பேர் சென்றனர். இவை அளந்து சொன்ன உண்மைகள்.

நீங்களும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. முன்பு நிலைமை எப்படி இருந்தது?
2. அவர் என்ன செய்தார்? எப்போது, எத்தனை நாள்?
3. என்ன மாறியது? வரவு இடாப்பில் உள்ள எண்ணிக்கையை அதிபரிடம் கேளுங்கள்.
4. கண்டவர் யார்? அவர்கள் கையொப்பமிடட்டும்.

உதாரணமாக, “பிள்ளைகள்மேல் அன்புள்ளவர்” என்பதை விட, “பாதை உடைந்த மூன்று வாரமும் நடந்தே வந்து, எங்கள் 14 பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தார்” என்பது வலுவானது.

மிகைப்படுத்த வேண்டாம், ஒரு பொய் பத்து உண்மைகளைக் கெடுத்துவிடும். ஆசிரியரின் சம்மதத்தை முதலில் பெறுங்கள். பிள்ளைகளின் பெயரையோ குடும்பத் துயரையோ அனுமதியின்றி எழுதாதீர்கள்.

எழுதச் சிரமமானால் வாயால் சொல்லுங்கள். சாதாரண தரம் படிக்கும் பிள்ளை எழுதட்டும். பின்பு உரக்க வாசிக்கச் செய்து திருத்துங்கள்.

நீங்கள் வந்திறங்கிய நாளின் நிலைமை பணிமனைக்குத் தெரியாது. அதைக் கண்டவர்கள் நீங்கள். ஆகவே உங்கள் சாட்சிக்கு ஈடு வேறில்லை.

குழுவில் உரையாட: நம் பிள்ளைகளுக்காக அப்படி உழைத்தவர் யார்? அவர் செய்த ஒரு காரியத்தை, நாளும் எண்ணிக்கையும் சேர்த்து, மூன்று வசனங்களில் இன்றே எழுதுங்கள்.