நண்பர்கள், நாய், பாய்மரப் படகு: பஹாமாஸுக்குக் கிளம்பும் முன்

2015-இல் நடிகர் ஜானி டெப்பும் அவர் மனைவி ஆம்பர் ஹேர்டும் தனி விமானத்தில் ஆஸ்திரேலியாவில் போய் இறங்கினார்கள். பிஸ்டல், பூ என்ற இரண்டு குட்டி டெரியர் நாய்களும் கூடவே இறங்கின. அவற்றைப் பற்றி அரசிடம் யாரும் மூச்சுவிடவில்லை. விஷயம் வெளியே வந்ததும் வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ், நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொல்ல வேண்டியிருக்கும் என்று கெடு வைத்தார். நாய்கள் அவசரமாக அமெரிக்கா திரும்பின. வழக்கு மறு ஆண்டு வரை இழுத்தது.

பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடுகள் அந்தப் பெருமையை விட்டுக்கொடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ படகில் நாயுடன் போனால், முன் அனுமதியும் தனிமைப்படுத்தலும் இல்லாமல் அது கரையை மிதிக்க முடியாது. பசிபிக் தீவுகள் பலவற்றிலும் கெடுபிடிதான். அதனால், எந்தப் படகு என்பதற்கு முன்னால் எந்த நாடு நாயை உள்ளே விடும் என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு அமெரிக்கப் பக்கத்தில் எளிதான பதில் பஹாமாஸ். புளோரிடாவிலிருந்து ஒரே பகலில் எட்டிவிடலாம். சுமார் 700 தீவுகள். அவற்றில் எக்ஸுமா என்ற தொடரில் மட்டும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு நங்கூரத் துறையிலிருந்து அடுத்ததற்கு இரண்டு மூன்று மணி நேரப் பயணம்தான் என்பதால், காலையிலும் மாலையிலும் நாயைக் கரையில் நடத்திவிட்டு வரலாம்.

காகிதங்கள்

பஹாமாஸ் வேளாண் துறையிடம் நாய்க்கு இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, மருத்துவரின் உடல்நலச் சான்று இரண்டும் தேவை. தடுப்பூசி போட்டு எத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும், உடல்நலச் சான்று எப்போது வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அனுமதித் தாளிலேயே இருக்கும். அதை வரி விடாமல் படிக்க வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மருத்துவரைப் பார்க்கும் தேதியை நாம் குறிக்கலாம். கடலைக் கடக்கும் தேதியைக் காற்றுதான் குறிக்கும். ஆகவே புறப்படும் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கால்நடை மருத்துவரைப் பிடித்து, அவசரத்துக்கு வந்தால் பார்ப்பாரா என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும், நுழைவு அனுமதி இன்னும் முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டு கேப்டன் மட்டும் கரைக்குப் போய்ச் சுங்கமும் குடியேற்றமும் முடித்து வருவார். அதுவரை நண்பர்களும் இறங்கக் கூடாது, நாயும் இறங்கக் கூடாது. பத்து மணி நேரமாக அடக்கிக்கொண்டு வந்த நாய்க்கு இது புரியாது. அதற்குத்தான் அடுத்த பாடம்.

புல் துண்டுப் பாடம்

வீட்டில் ஒழுங்காகப் பழக்கப்பட்ட நாய் படகின் தளத்தை வீடாகவே நினைக்கும். அங்கே சிறுநீர் கழிக்க மறுத்து, பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட அடக்கிக்கொண்டு கிடக்கும். இதற்குப் படகுக்காரர்கள் கையாளும் வழி, ஒரு செயற்கைப் புல் துண்டு. பயணத்துக்குப் பல வாரம் முன்பே அதை வாங்கி, நாய் வழக்கமாகப் போகும் இடத்தில் விரிக்க வேண்டும். அதன் வாடை அதில் நன்றாக ஏறிய பிறகு படகின் முன்தளத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு கட்டளைச் சொல், காரியம் முடிந்ததும் ஒரு தின்பண்டம். துண்டின் மூலையில் துளை போட்டுக் கயிறு கட்டினால் கடலில் முக்கி அலசித் தூக்கிவிடலாம். சில நாய்கள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும், சில மாதக்கணக்கில் முறைக்கும். பொறுமை இழந்து அதட்டினால் வேலை பாழ்.

கூடவே இன்னொரு ஒத்திகை. படகைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கம்பிகளில் வலை கட்டியிருந்தாலும் நாய் ஒருநாள் தண்ணீரில் விழும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முதுகில் கைப்பிடி வைத்த உயிர்காப்பு உடுப்பை மாட்டி, நின்ற படகிலிருந்து நாயைத் தண்ணீரில் இறக்கி, மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். 30 கிலோ லாப்ரடாரை ஆடும் படகிலிருந்து ஒற்றைக் கையால் தூக்க யாராலும் ஆகாது. உடுப்பின் கைப்பிடியில் பாய் ஏற்றும் கயிற்றைக் கோர்த்து உருளியில் சுற்றித் தூக்கும் முறையைக் கரையோரமே பழகிவிட வேண்டும். இரவுப் பயணத்தில் நாயைக் கட்டித்தான் வைக்க வேண்டும். இதில் விதிவிலக்கே இல்லை.

வசதி என்று பார்த்தால் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் படகு நாய்களுக்கு ஏற்றது. அதிகம் சாயாது, பின்பக்கம் தண்ணீர் மட்டம் வரை படிகள் இறங்கும், நீருக்குள் மூழ்கும் பகுதியும் குறைவு. ஒற்றை உடல் படகில் அறைக்குள் இறங்கும் செங்குத்து ஏணிதான் நாய்களின் எதிரி. வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், நாயை ஏற்றுவார்களா என்பதை முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நண்பர்களைப் பழக்குவது

உண்மையைச் சொன்னால், நாயைப் பழக்குவது இதைவிட எளிது.

நாற்பது அடிப் படகில் நான்கு பேரும் இரண்டு நாய்களும் என்பது தாங்கும் கணக்கு. அதற்கு மேல் போனால் பொறுமை, தண்ணீர் இரண்டுமே தீர்ந்துவிடும். கிளம்பும் முன் எல்லோரும் உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும். கடலில் கேப்டன் சொல்வதே முடிவு. விவாதம் நங்கூரம் போட்ட பிறகுதான். எரிபொருள், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாம் பொதுப் பணப்பையிலிருந்து. படகுக் கழிப்பறையில் என்ன போடலாம், என்ன கூடாது என்பதைச் செய்து காட்ட வேண்டும். அடைத்துக்கொண்டால் அடைத்தவரே பிரித்துச் சுத்தம் செய்வது என்று வைத்தால் அடைப்பே வராது. குளியல் கடலில், அலசுவதற்கு மட்டும் ஒன்றிரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். நாயைக் கொண்டுவந்தவரே அதிகாலையில் டிங்கி எனப்படும் காற்றடைத்த சிறு படகில் அதைக் கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். மற்றவர்கள் ஆசையாக முன்வந்தால் மகிழ்ச்சி, எதிர்பார்க்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வில்லங்கம் விமான டிக்கெட். நடுவில் வந்து சேரும் நண்பர் ஊரைச் சொல்லலாம், அல்லது தேதியைச் சொல்லலாம், இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாது என்பது படகுக்காரர்கள் விருந்தாளிகளுக்குப் போடும் பழைய நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை விமானத்தைப் பிடிக்கிற அவசரத்தில் சனிக்கிழமை மோசமான கடலில் இறங்கியவர்கள் நிறைய.

கடலைக் கடப்பது

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2019 செப்டம்பர் 1 அன்று ஐந்தாம் வகைப் புயலாகப் பஹாமாஸின் அபாகோ தீவுகளைத் தாக்கிய டோரியன், பருவத்தை மதிக்காமல் போவதன் விலை என்ன என்று காட்டியது. பெரும்பாலோர் டிசம்பரிலிருந்து மே வரையிலான மாதங்களில்தான் போகிறார்கள்.

மியாமியிலிருந்து பஹாமாஸின் பிமினி தீவு சுமார் 50 மைல். நடுவில் வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. அதன் வேகம் சராசரியாக இரண்டரை நாட், படகின் வேகம் ஐந்து நாட் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது மணி நேரத்தில் படகு இருபது கடல் மைலுக்கு மேல் வடக்கே இழுபடும். அந்தக் கணக்குக்கு ஏற்ப முடிந்த அளவு தெற்கிலிருந்து கிளம்பி, தெற்கே சாய்த்து ஓட்ட வேண்டும். வாடைக்காற்று வீசும் நாளில் போகவே கூடாது. வடக்கே ஓடும் நீரும் வடக்கிலிருந்து வரும் காற்றும் மோதும்போது அலைகள் செங்குத்தாக, நெருக்கமாக எழும். கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருந்து மெல்லிய காற்று இரண்டு நாளாவது நிலைக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால் கிளம்பலாம். குமட்டலுக்கான மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கும் குமட்டும், எச்சில் ஒழுகுவது அதற்கு அறிகுறி. நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்காமல், மருத்துவர் எழுதிய மருந்தைக் கொடுக்க வேண்டும்.

எக்ஸுமாவில்

பிமினியைத் தாண்டினால் கடலின் ஆழம் சட்டென்று மூன்று நான்கு மீட்டருக்கு வந்துவிடும். பல மணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே போகலாம். தலைநகரான நாசோவிலிருந்து எக்ஸுமாவுக்குப் போகும் வழியில் யெல்லோ பேங்க் என்ற திட்டில் பவளப் பாறைகள் நீர்மட்டத்துக்கு அருகில் நிற்கின்றன. அங்கே கருவியைவிடக் கண்ணையே நம்ப வேண்டும். சூரியன் உச்சியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒருவர் போலரைஸ்டு கண்ணாடி அணிந்து படகின் மூக்கில் நிற்க வேண்டும். கருநீலம் ஆழம், பச்சை கலந்த நீலம் சில மீட்டர், வெளுத்த நிறம் மணல்மேடு, பழுப்புத் திட்டு பாறையாகவோ கடற்புல்லாகவோ இருக்கும், அதை விலகிப் போவதே மேல். மேக நிழலும் பழுப்பாகத்தான் தெரியும் என்பதால் கொஞ்சம் நிதானம் தேவை.

நங்கூரத்துக்கு மணல் தரையைத் தேட வேண்டும். ஆழம் மூன்று மீட்டர், படகு மூக்கின் உயரமும் ஓத ஏற்றமும் சேர்த்து இன்னும் இரண்டு மீட்டர் என்றால், அந்த ஐந்தைப் போல் ஏழு மடங்கு, அதாவது 35 மீட்டர் சங்கிலி விட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். கண்ணாடி போன்ற தண்ணீர் என்பதால் நீந்திப் போய் நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடலாம்.

இங்கே வழக்கமாக வீசுவது கீழ்க்காற்று. அதனால் தீவுகளின் மேற்குப் பக்கம் படகு அசையாமல் நிற்கும். ஆனால் குளிர்காலத்தில் அடிக்கடி வடக்கிலிருந்து குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, இறங்கும். அப்போது காற்று தெற்கு, தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு என்று சுற்றிக்கொண்டு வரும். பாதுகாப்பாக இருந்த துறை சில மணி நேரத்தில் அலைக்களமாகிவிடும். காற்று தெற்குக்குத் திரும்பியதுமே இடம் மாற வேண்டும். தீவுகளுக்கு இடையிலான குறுகிய வாய்களையும் நேரம் பார்த்தே கடக்க வேண்டும். வெளியேறும் ஓதம் எதிர்க்காற்றில் மோதினால் பெரிய படகுகளே திணறும்.

பன்றிகள் நீந்தும் பிக் மேஜர் தீவுக்கு எல்லோரும் போகிறார்கள். அங்கே நாயைப் படகில் விட்டுப் போவதே புத்திசாலித்தனம், பன்றிகள் கடிக்கும். ஆலன் தீவுகளில் வேறெங்கும் அரிதான பாறை இகுவானாக்கள் வாழ்கின்றன. ஒரு நாயின் ஐந்து நிமிட உற்சாகம் அவற்றுக்குப் பெரும் சேதம். அங்கே நாயை இறக்கவே கூடாது. 1958-இல் அமைந்த எக்ஸுமா தேசியப் பூங்காவுக்குள் 1986 முதல் மீன்பிடிக்கவும் தடை. அங்கே நாயை வாரில் பிடித்தே நடத்த வேண்டும், கழிவை அள்ளி எடுத்து வர வேண்டும். மீன் வெட்டும் துறைகளுக்குப் பக்கத்திலும் அந்தி நேரத்திலும் நாயை நீந்த விடக் கூடாது. சுறாக்கள் அங்கேதான் சுற்றும்.

கரையில் இரண்டு விஷங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய் காய்க்கும் மான்சினீல் மரம். காய் மட்டுமல்ல, பாலும் கொப்புளம் போடும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கக்கூட ஆகாது. மற்றொன்று, கரையொதுங்கிய பேத்தை மீன். நாய் அதைக் கடித்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. உண்ணியும் இதயப்புழுவும் தீவுகளில் சகஜம் என்பதால் தடுப்பு மருந்தைப் பயணக் காலம் முழுவதற்கும் வாங்கி வைக்க வேண்டும். சிறு தீவுகளில் கால்நடை மருத்துவமனையை எதிர்பார்க்க முடியாது. காயத்துக்கு மருந்து, கட்டுத்துணி, உண்ணி எடுக்கும் இடுக்கி, நாய் தின்று பழகிய தீவனம் எல்லாம் புளோரிடாவிலேயே ஏற்றிவிட வேண்டும்.

தண்ணீரும் நிழலும்

2023 ஏப்ரலில் ஆஸ்திரேலியரான டிம் ஷாடக், பெல்லா என்ற நாயுடன் மெக்சிகோவின் லா பாஸிலிருந்து கேட்டமரானில் பிரெஞ்சு பாலினீசியாவுக்குக் கிளம்பினார். புயலில் மின்னணுக் கருவிகள் செத்தன. பச்சை மீனையும் மழைநீரையும் வைத்துக்கொண்டு நாயும் அவரும் பசிபிக்கில் வாரக்கணக்கில் மிதந்தார்கள். ஜூலையில் ஒரு மெக்சிகோ சூரை மீன் கப்பல் அவர்களைக் கண்டெடுத்தது. படகின் கூரை நிழலில் ஒதுங்கியிருந்தது பிழைக்க உதவியது என்று அவரே சொன்னார். பெல்லாவைக் கப்பல் ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்பினார்.

பஹாமாஸில் அந்த அளவுக்குப் போகாது. என்றாலும் எக்ஸுமாவில் குடிநீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து விற்பது; அளந்து காசு கொடுத்து வாங்க வேண்டும். சாதாரண நாளிலேயே ஒரு நாய்க்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயிலில் இன்னும் அதிகம். பந்தைக் கவ்வி நீந்தும் நாய் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். வாந்தி, கழிச்சல், நடுக்கம் என்று போனால் அது உப்பு நஞ்சாதலாக இருக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை விளையாட்டை நிறுத்தி நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். மதியத்தில் தளம் சுடும். கையை வைத்துப் பார்க்க, நமக்குத் தாங்காதது நாயின் பாதத்துக்கும் தாங்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை இந்தப் பயணத்துக்கு அழைத்து வராமலிருப்பதே அவற்றுக்குச் செய்யும் உபகாரம்.

திரும்பும்போது

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதியை மாற்றிவிட்டது. உள்ளே வரும் எந்த நாய்க்கும் வயது குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், உடலில் மைக்ரோசிப் இருக்க வேண்டும், நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் இறக்குமதிப் படிவம் நிரப்பியிருக்க வேண்டும். சில மாதம் முன்பு அதே துறைமுகத்திலிருந்து கிளம்பிய அமெரிக்க நாய்க்கும் இது பொருந்தும். இணையத்தில் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. ரசீதைக் கைபேசியில் காட்டினாலும் போதும். பிமினியில் நல்ல சிக்னல் கிடைக்கும்போதே நிரப்பிவிடுங்கள், நடுக்கடலில் கிடைக்காது.