அய்யனார் பார்க்கும் பக்கம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

மாசி சிவராத்திரிக்கு நம் குலசாமி கோயிலில் நீ எடுத்த படங்களை ஸ்டுடியோவில் பெரிய திரையில் போட்டு நிதானமாகப் பார்த்தேன். மண்குதிரைகள் நன்றாக விழுந்திருக்கின்றன. பொங்கல் பானை வழிகிற நேரத்தையும் சரியாகப் பிடித்திருக்கிறாய். "ஆனாலும் சித்தப்பா, இது எந்தக் கோயிலா வேணும்னாலும் இருக்கலாம் போல இருக்கு. நம்ம கோயில்னு தெரியவே இல்லை. நல்ல லென்ஸ் வாங்கினா சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறாய். காசைச் செலவழிக்காதே. கோளாறு லென்ஸில் இல்லை.

உன் படங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், குதிரை இருக்கிறது, இடம் இல்லை. கண்மாய்க் கரையும் பனை வரிசையும் பின்னால் மங்கிப் போய்க் கிடக்கின்றன. பின்னணி மங்கினால்தான் நல்ல படம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இப்போது போன்களே கேட்காமல் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன.

எங்கள் தொழிலில் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் தவறிவிட்டால், காரியம் முடிவதற்குள் வீட்டார் ஸ்டுடியோவுக்கு வருவார்கள். கையில் கல்யாண வீட்டு குரூப் போட்டோ இருக்கும், இல்லையென்றால் வாக்காளர் அட்டை. முகத்தை மட்டும் வெட்டி எடுப்போம். தோளில் யாருடைய கையாவது கிடந்தால் அழிப்போம். வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் வான நீலத்தை ஊற்றி, கீழே தோற்றம், மறைவு என்று தேதி போட்டுச் சட்டம் அடித்துக் கொடுப்போம். கூடத்தில் மாலையோடு தொங்கும் உன் ஐயா படமும் அப்படி வந்ததுதான். மூலப் படத்தில் அவர் தலைத்துண்டோடு கண்மாய்க் கரைமேல் நிற்கிறார். காலடியில் நனைந்த மண், இடது பக்கம் மடையின் கல்தூண், தூரத்தில் கோயில் காடு. மாலை போட்டுக் கும்பிட முகம் போதும், யாரும் அதில் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மனிதர் அறுபது வயசு வரைக்கும் எதைப் பார்த்து வாழ்ந்தார் என்பது வெட்டிப் போட்ட துண்டில்தான் இருக்கிறது. நிலக்காட்சிப் படம் என்று நான் சொல்வது அந்தத் துண்டை.

குலசாமி கோயிலில் இதைக் கற்பது சுலபம், ஏனென்றால் அங்கே சாமியைப் படம் எடுக்க விடமாட்டார்கள். எங்கோ ஒரு கோயிலில் பூசாரி அசந்த நேரத்தில் எடுத்தேன் என்று பெருமை பேசுகிற பையன்களைக் கேட்டிருப்பாய். அந்தப் புத்தி உனக்கு வேண்டாம். தடை இருப்பதே நல்லது. கண் தானாக வெளியே திரும்பும். கருவறைக்கு நேரே முதுகைக் காட்டி நிற்காதே, பெரியவர்களுக்குப் பிடிக்காது. வாசலுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி, அய்யனார் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பு. சாமியின் கண்மட்டத்துக்கு ஸ்டாண்டை இறக்கு. நம் அய்யனார் கிழக்குப் பார்த்தவர். முன்னால் குதிரைகளின் முதுகு, அப்புறம் வண்டிப்பாதை, அப்புறம் கரை, அதற்கு மேல் வானம். நம் ஆட்கள் அத்தனை பேரும் அந்தச் சட்டத்துக்குள் வந்துதான் கும்பிட்டுப் போயிருக்கிறார்கள். ஐயா போய்விட்டார், அவருடைய ஐயாவுக்குப் படமே இல்லை. கரையின் கோடு மட்டும் அவர்கள் பார்த்தபடியே இருக்கிறது.

ஜப்பான்காரர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980இல் தொடங்கிப் பல நாட்டுக் கடல்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். பாதி வானம், பாதி தண்ணீர், குறுக்கே ஒரு கோடு. படகு கிடையாது, கரை கிடையாது. ஆதி மனிதன் கண்ட காட்சியை இன்று ஒருவன் அப்படியே காண முடியுமா என்று யோசித்ததில் பிறந்த வரிசை அது. நிலம் உருமாறிவிட்டது, கடல் அவ்வளவாக மாறவில்லை என்று அவர் கடலைப் பிடித்துக்கொண்டார். நமக்கு அந்த வசதி இல்லை. நம் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வந்துவிட்டது, வண்டிப்பாதையில் தார் விழுந்துவிட்டது, பனைகளுக்கு நடுவே செல்போன் கோபுரம் நிற்கிறது. கோபுரத்தை அழித்துவிட்டுப் படத்தைப் போடுகிறவர்கள் உண்டு. நீ அழிக்காதே. உன் பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது அது உன் காலத்து அடையாளம்.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன். சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது வருஷத்துக்கு இரண்டு தடவைதான்: மார்ச் 20, 21 வாக்கில் ஒன்று, செப்டம்பர் 22, 23 வாக்கில் இன்னொன்று. நம் பக்கத்துக் கணக்கில் ஆனி முதல் வாரம் அது கிட்டத்தட்ட 24 பாகை வடக்கே போய்விடும். மார்கழி முதல் வாரம் அதே அளவு தெற்கே. சிவராத்திரி சமயத்தில் இன்னும் தெற்கே தள்ளித்தான் உதிக்கும். அதனால்தான் உன் காலைப் படங்களில் வெளிச்சம் ஒருக்களித்து விழுந்து, குதிரைகளின் ஒரு பக்கம் இருட்டாகியிருக்கிறது. பங்குனி முதல் வாரம் போனால், கிழக்கு பார்த்த வாசலில் வெயில் நேராக ஏறி உள்ளே போகும். கோயில் கட்டியவர்கள் இதைக் கணக்குப் பண்ணிக் கட்டினார்களா என்ற ஆராய்ச்சி வேண்டாம். வெயில் போகிறது, அது போதும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாயில் தண்ணீர் நிற்கும்போதும், சித்திரையில் அடிமண் வெடித்துக் கிடக்கும்போதும் அதே இடத்தில் நின்று எடு. நம் வானத்தில் விடியலுக்கு முந்தின நீல வெளிச்சம் 20 நிமிஷம் நிற்பதே பெரிசு. இருட்டிலேயே போய் ஸ்டாண்டைப் போட்டுவிட வேண்டும்.

வெள்ளையடித்த குதிரைகளை எடுக்கும்போது ஒன்றைக் கவனி. பின்னால் கோயில் காடு கருத்து நிற்பதால், மொத்தப் படமும் இருட்டு என்று கேமரா நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும். குதிரை வெளிறி, சுண்ணாம்பு உதிர்ந்த தடம்கூடத் தெரியாமல் போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறை, ரா ஃபைலில் எடு. நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையை எந்த சாஃப்ட்வேரும் மீட்காது. அகலக் கோணத்தில் எடுத்தால் குதிரை பெரிதாகி, கரை நூல் மாதிரி ஆகிவிடும். நாலு எட்டுப் பின்னால் போய், நீளமான லென்ஸில் பார். கரை எழும்பி வந்து குதிரையின் காதுக்குப் பின்னால் நிற்கும். அப்பர்ச்சர் எஃப் 11, ஸ்டாண்ட் கட்டாயம்.

அந்தக் குதிரைகள் எப்படி வந்தன என்று உனக்கு யாரும் சொன்னார்களா? புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்தக் கைப்பிடி மண்ணில் தொடங்கித்தான் குதிரை செய்வது. சுட்டு, வண்ணம் பூசி, தோளில் சுமந்து வந்து இறக்கிய பிறகு யாரும் அதைப் பழுது பார்ப்பதில்லை. மழையில் காது போகும், கால் போகும், வயிறு உடைந்து உள்ளே புல் முளைக்கும். நம் கோயிலின் தென்மூலையில் அப்படி உடைந்து கிடப்பவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்: ஓட்டுத் துண்டின் செம்மையும் கீழே மண்ணின் செம்மையும் எங்கே பிரிகின்றன என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதை நெருங்கி எடு. குளமங்கலத்தில் பெருங்காரையடி மிண்ட அய்யனார் கோயில் குதிரை 30 அடிக்கு மேல் உயரம். மாசி மகத்துக்குக் காகித மாலைகள் மலையாகக் குவியும், எல்லாரும் கீழே நின்று அண்ணாந்து எடுக்கிறார்கள். எடுக்கட்டும், எடுக்க வேண்டியதுதான். ஆனால் உடைந்து மண்ணாகிற சின்னக் குதிரையிடம் இருப்பது வேறு. இப்போது சிமென்டில் செய்து எனாமல் அடிக்கிறார்கள். பளபளக்கிறது, மண்ணோடு சேராது. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

கூட்டம் வண்டி ஏறிப் போன பிறகு நீயும் கிளம்பிவிடாதே. பங்காளிகள் ஒவ்வொரு வீட்டுக்கும் அடுப்பு வைக்கிற இடம் உண்டு. மூன்று கல், உள்பக்கம் கரி, நடுவே சாம்பல், சுற்றிலும் சிந்திய பச்சரிசி. நம் வீட்டுக் கல் வீரை மரத்துக்குத் தெற்கே. அப்பத்தா யாருக்கும் அந்த இடத்தை விட்டுக் கொடுத்ததில்லை. பெரிய வீட்டார் கல் ஒன்று வெடித்து, மூன்றாவதாகச் செங்கல் வைத்திருக்கிறார்கள். எந்த வீடு இந்த வருஷம் வரவில்லை என்பதும் கல்லைப் பார்த்தாலே தெரியும்: கரி மேல் சருகு கிடக்கும். இதில் ஒரு முகமும் இல்லை, வம்சம் முழுக்க இருக்கிறது.

எடுத்ததைக் குறித்து வை. அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸின் பெயர் நீ கேட்டிருப்பாய். நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் என்ற கிராமத்தைக் காரில் கடக்கும்போது, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில் படுவதையும் மேலே நிலா எழுந்திருப்பதையும் கண்டு வண்டியை நிறுத்தினார். அவசரத்தில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனப்பாடம் என்பதால் அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. அவ்வளவு கணக்குத் தெரிந்தவர் தேதியை எழுதி வைக்கவில்லை. நிலா நின்ற இடத்தை வைத்து வானியல்காரர்கள் பின்னால் கணக்கிட்டுத்தான் அது 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று ஆனது. மறுநாள் நவம்பர் 2. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவத்தி ஏற்றும் நாள். அந்தத் தேதி தெரிந்த பிறகு எனக்கு அந்தப் படம் வேறு படமாகிவிட்டது. நம் கண்மாயை மறுபடி யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க மாட்டார்கள். பிரிண்டின் பின்னால் பென்சிலால் நாள், நின்ற இடம், திசை, யார் வீட்டு அடுப்பு என்று எழுது. பேனா மை ஊறும்.

ஒரு பிரிண்ட் உன் அத்தைக்குப் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கும்பிடுவது மாமா வீட்டுச் சாமியை. பிறந்த வீட்டுச் சாமியை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வாள், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி நடுவழியில் நிலமும் சாமியும் மாறிப் போவதை நாம் பேசுவதே இல்லை. நாளைக்கு உனக்கும் அதே வழக்கம்தான் என்பார்கள். நீ என்ன செய்வாய் என்பது உன் பாடு. அவளுக்கு நீ அனுப்ப வேண்டியது குதிரைப் படம் இல்லை. தாவணி போட்ட வயசில் அவள் விறகு பொறுக்கிய கரைப்பக்கம், மடையை ஒட்டி எடு. எந்த இடம் என்று போனில் அவளிடமே கேள். அரை மணி நேரம் பேசுவாள். படம் எடுக்கத் தேவையானது எல்லாம் அதில் கிடைக்கும்.

பங்குனி முதல் வாரம் லீவு போட முடியுமா என்று பார். நீ வருவதை வேளாரிடம் நான் சொல்லிவைக்கிறேன். முதல் நாள் ராத்திரியே இங்கே வந்துவிடு. காலை முதல் பஸ் கோயில் விலக்கில் நிற்கும்போது வெயில் ஏறியிருக்கும். டார்ச் லைட் கொண்டு வா, கரையில் பாம்பு நடமாட்டம் உண்டு. ஸ்டாண்டைச் சுமக்காதே, என்னுடையது கனமானது, காற்றுக்கு அதுதான் நிற்கும்.

அன்புடன்,
சித்தப்பா