மறதி, வீட்டு விஷயம் மட்டுமா?

கேள்வி: வயதானால் மறதி வருவது இயல்புதானே? அதற்கு அரசுகள் ஏன் திட்டம் போட வேண்டும்?
– வாசகர், திருப்பாச்சூர்

பதில்: பெயர் சட்டென்று நினைவுக்கு வராதது இயல்பு. பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது நோய். டிமென்ஷியா எனப்படும் இந்த நிலை மூளையைத் தாக்கும் நோய்களால் வருகிறது. 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு அது இருக்கிறது.

இத்தனை பேரையும் கவனிப்பது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், சம்பளமில்லாமல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போய்விட்டால், பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை ஒரு குடும்பம் தனியாகச் சுமக்க முடியாது.

உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் 2017-இல் இதற்கென உலகளாவிய செயல்திட்டத்தை ஏற்றன. நான்கில் மூன்று நாடுகளாவது 2025-க்குள் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அது எட்டப்படவில்லை. இந்தியாவிலும் தனித் தேசியத் திட்டம் இல்லை. கேரளம் 2014-லேயே மாநில அளவில் தொடங்கிவிட்டது.

தமிழகத்துக்கு வழி கண்முன்னே இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரைக்காக ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். இவ்விரண்டும் டிமென்ஷியாவுக்கான அபாயக் காரணிகள். செவித்திறன் குறைவும் அப்படித்தான். ஆலை இரைச்சலில் வேலை செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய 14 காரணிகளைச் சரிசெய்தால் 45 சதவீத பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது 2024 லான்செட் ஆணைய அறிக்கை. அந்த ஊழியர்களுக்கு நினைவாற்றல் பரிசோதனையிலும் பயிற்சி தந்தால், திருப்பாச்சூரிலேயே நோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்கலாம்.